தட்டுக்கு வரும் பவுண்டு என்ன விலை?

டெக்சஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகருக்கு வடக்கேயுள்ள ஒரு புறநகரில் நாங்கள் வசிக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பர் மாத முதல் திங்கட்கிழமை, அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறையன்று, தெரிந்த குடும்பங்கள் பன்னிரண்டு பதின்மூன்று எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கூடுவதும், முந்தைய இரவே புகையடுப்பை மூட்டி மாட்டின் நெஞ்சுக்கறியை, இவ்வூரார் சொல்வதுபோல் பிரிஸ்கெட்டை, நான் வேகவைப்பதும் வழக்கமாகிவிட்டன. இறைச்சிக்கான செலவைக் குடும்பங்கள் பகிர்ந்துகொள்வதால் வாங்கிய எடை, கொடுத்த விலை, மீந்த கறி ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டியதாயிற்று. அந்தக் குறிப்பேடு இல்லையென்றால் இந்த ஆய்வுக்கு வழியே இருந்திராது.

2019ஆம் ஆண்டுப் பக்கத்தில் மூன்று பிரிஸ்கெட், மொத்தம் 42 பவுண்டு (பவுண்டு என்பது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை), பவுண்டு 2 டாலர் 98 சென்ட், ஆக 125 டாலர் 16 சென்ட் என்று இருக்கிறது. 2025 ஆகஸ்ட் கடைசி வாரத்தில் அதே கடையில், சாய்ஸ் என்று இங்கே சொல்லப்படும் அதே நடுத்தரக் கறியின் விலைச்சீட்டில் 5 டாலர் 48 சென்ட் என்று போட்டிருந்தார்கள். பழைய கணக்கிலேயே வாங்கியிருந்தால் 230 டாலர் ஆகியிருக்கும். ஆறு ஆண்டுகளில் 84 விழுக்காடு உயர்வு. கூட்டத்தை நிறுத்திவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை; பிரிஸ்கெட்டை விட்டுவிட்டுக் கோழியோடு முடித்துக்கொள்ளலாம் என்று இருவர் சொன்னார்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வழியைத் தேடியதும், அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதும்தான் இங்கே எழுதப்படுகின்றன.

மாடு எங்கே போயிற்று

கடைக்காரரின் பேராசையால்தான் விலை ஏறியது என்று எங்கள் கூட்டத்திலும் பேச்சு எழுந்தது. அது முழு உண்மையன்று. அமெரிக்க வேளாண்மைத் துறை ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாளை வைத்து நாட்டிலுள்ள மாடுகளைக் கணக்கெடுக்கிறது. 1975இல் 13 கோடியே 20 இலட்சம் என்ற உச்சத்தில் இருந்த அந்த எண்ணிக்கை, 2019இல் ஏறத்தாழ 9 கோடியே 48 இலட்சமாகவும் 2025இல் 8 கோடியே 67 இலட்சமாகவும் குறைந்திருந்தது. 1951க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்த எண்ணிக்கை பதிவானதில்லை. அவற்றுள் இறைச்சிக்காகக் கன்று ஈனும் தாய்ப்பசுக்கள் 2 கோடியே 79 இலட்சம் மட்டுமே.

இதற்கு முதற்காரணம் மழையின்மை. 2020 தொடங்கி மூன்றாண்டுகளுக்கு மேலாக டெக்சஸ் முதலிய தென்சமவெளி மாநிலங்களை வாட்டிய வறட்சியில் மேய்ச்சல் நிலம் கருகி, உலர்புல்லின் விலை ஏறி, குளங்களும் வற்றியபோது, மாடு வளர்ப்போர் கையிலிருந்த தாய்ப்பசுக்களையே சந்தைக்கு ஓட்டினார்கள்; 2022இல் இது பெருமளவில் நடந்தது. விதைநெல்லை விற்றுச் சாப்பிட்ட கதைதான். விற்ற ஆண்டில் சந்தையில் கறி மிகுந்திருக்கும். விலையும் அவ்வளவாக ஏறாது. கன்று ஈனும் பசு இல்லாத குறை இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும்.

இப்போது விலை நன்றாக இருக்கிறதே, மந்தையைப் பெருக்க வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். பெருக்குவதென்றால் கிடாரிக் கன்றுகளைக் கறிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். அப்படி நிறுத்தும் ஒவ்வொரு கிடாரியும் இன்றைய கறியிலிருந்து கழிகிறது. அதாவது, மந்தை மீளத் தொடங்கும் காலத்தில் தட்டுப்பாடு முதலில் கூடத்தான் செய்யும். கறிக்கு அனுப்பினால் இன்றே கிடைக்கும் பெருந்தொகையை விட்டுவிட்டு, மூன்றாண்டு கழித்து மழை எப்படியிருக்கும் என்பதை நம்பிக் கிடாரியை வைத்துக்கொள்ள, வட்டிக்கு வாங்கி மாடு வளர்க்கும் ஒருவர் தயங்குவதில் வியப்பில்லை.

இரண்டாவது காரணம் தென்னெல்லையில் இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இளங்கன்றுகள் அமெரிக்கத் தீவனக் கொட்டில்களுக்கு வந்துகொண்டிருந்தன. காயத்தில் முட்டையிட்டு உயிருள்ள மாட்டின் தசையையே தின்னும் திருகுப்புழு ஈ, 2024 நவம்பரில் மெக்சிகோவின் தென்கோடியில் கண்டறியப்பட்டதும், அந்த வரத்து நிறுத்தப்பட்டது. 2025 பிப்ரவரியில் மீண்டும் தொடங்கி, மே மாதம் 11ஆம் நாள் மறுபடி மூடப்பட்டது. ஜூலையில் அரிசோனா எல்லையில் ஒரு வாயில் மட்டும் திறந்து சில நாட்களிலேயே அடைக்கப்பட்டது. மலடாக்கிய ஈக்களைக் கோடிக்கணக்கில் வானிலிருந்து தூவி 1966இல் அமெரிக்கா ஒழித்துக்கட்டிய புழு அது. டெக்சசின் பழைய மாட்டுக்காரர்களுக்கு அதன் பெயரைக் கேட்டாலே முகம் மாறிவிடும்.

இறக்குமதிக் கறி விலையைத் தணிக்கும் என்ற செய்தியை நம்பிக் காத்திருக்கலாமா என்றும் யோசித்தோம். பிரேசிலிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருவது பெரும்பாலும் கொழுப்பற்ற துண்டுக்கறி. உள்நாட்டுக் கொழுப்போடு கலந்து ஹாம்பர்கருக்கான கொத்துக்கறியாக அரைக்கப்படுகிறது. பதினான்கு மணி நேரம் புகையில் கிடந்தும் காயாமல் இருக்கும் பிரிஸ்கெட்டுக்கு, மாதக்கணக்கில் தானியம் தின்று தசைக்குள் கொழுப்போடிய மாடு வேண்டும். பிரேசில் கறிக்கு 2025 ஆகஸ்டில் கூடுதல் சுங்கவரி விதிக்கப்பட்டதும், நவம்பரில் அது நீக்கப்பட்டதும் கொத்துக்கறியின் விலையை நேராகத் தொடும். நெஞ்சுக்கறியின் விலையைச் சுற்றிவளைத்துத்தான் தொடும்.

மலிவாக இருந்த ஒரு துண்டு

ஒரு மாட்டுக்கு இரண்டே பிரிஸ்கெட்டுகள். முன்னங்கால்களுக்கு இடையில், உடற்பாரத்தில் பெரும்பங்கைத் தாங்கும் நெஞ்சுத் தசைகள் அவை. ஆகையால் இணைப்புத்திசு மிகுந்து, அவசரமாகச் சமைத்தால் செருப்புத்தோல்போல் ஆகிவிடும். லாக்ஹார்ட், டெய்லர், எல்ஜின் முதலிய நடுடெக்சஸ் ஊர்களில் ஜெர்மானிய, செக் குடியேறிகள் நடத்திய இறைச்சிக் கடைகளில், விற்காமல் நின்ற முன்பகுதிக் கறியைப் புகையில் வேகவைத்தும், கழிவுத் துண்டுகளைக் குடலில் அடைத்துச் சாசேஜ் ஆக்கியும் பழுப்புக் காகிதத்தில் பொதிந்து விற்றதே இன்றைய பார்பிக்யூவின் தொடக்கம். 1900இல் தொடங்கிய லாக்ஹார்ட்டின் கிரோய்ட்ஸ் மார்க்கெட் இன்றும் தோள்கறியை விற்கிறது. பிரிஸ்கெட் மட்டுமே தனிப்பெருமை பெற்றது பிற்காலத்தில்தான்: 1967இல் ஐபிபி என்ற நிறுவனம் முழு உடலைத் தொங்கவிட்டு அனுப்புவதற்குப் பதிலாக வெட்டிய துண்டுகளைப் பெட்டியில் அடைத்து அனுப்பத் தொடங்கியபின், ஒரு கடைக்காரர் முன்காலும் விலாவும் வாங்காமலே நெஞ்சுக்கறியைப் பெட்டி பெட்டியாக வாங்க முடிந்தது. அப்போது அது யாருக்கும் வேண்டாத, மலிவான துண்டு.

வேண்டுவோர் பெருகிய பிறகும் மாட்டுக்கு இரண்டு என்ற கணக்கு மாறவில்லை. 2013இல் ஆர்பீஸ் போன்ற துரித உணவுச் சங்கிலியே பிரிஸ்கெட் சாண்ட்விச் விற்கத் தொடங்கிற்று. கொல்லைப்புறப் புகையடுப்பு வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. எங்கள் தெருவிலேயே ஐந்து இருக்கின்றன. 2011ஆம் ஆண்டின் டெக்சஸ் வறட்சிக்குப் பின் 2014இல் இதேபோல் மந்தை 1951க்குப் பிந்தைய தாழ்வைத் தொட்டு விலை எகிறியதையும், பிறகு மழை பெய்து மந்தை பெருகி விலை இறங்கியதையும் பார்த்தவர்கள், இதுவும் அப்படியே இறங்கும் என்கிறார்கள். இறங்கலாம். ஆனால் எங்களுக்குக் கறி வேண்டியிருந்தது அந்த ஆண்டு செப்டெம்பரில்.

ஆராய்ந்து தள்ளிய வழிகள்

முதலில் தோன்றியது, தரத்தில் ஒரு படி இறங்குவது. அமெரிக்காவில் கறியைத் தசைக்குள் ஓடும் கொழுப்பின் அளவை முதன்மையாக வைத்து பிரைம், சாய்ஸ், செலக்ட் என்று தரம் பிரிக்கிறார்கள். ஜூலை மாதம் ஒத்திகையாக வேறொரு கடையில் 12.6 பவுண்டு செலக்ட் பிரிஸ்கெட் ஒன்றைப் பவுண்டு 4 டாலர் 88 சென்டுக்கு வாங்கினேன். சாய்ஸைவிட 60 சென்ட் குறைவு. மிச்சமானது ஏழரை டாலர். வெந்தபின் அதன் தட்டைப் பகுதி, அதாவது ஃபிளாட், அறுக்கும்போதே பொடிந்து உதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு பவுண்டு வெந்த கறியைத் துண்டமாகப் பரிமாற முடியாமல் கொத்திச் சாற்றில் போட வேண்டியதாயிற்று. ஏழரை டாலரை மிச்சம் பிடித்து இருபது டாலர் கறியைக் கெடுத்துக்கொண்டேன். பிழை என்னுடையதுதான், செலக்ட் தரக் கறியை வேகும்போதே சீக்கிரம் காகிதத்தில் சுற்றியிருக்க வேண்டும் என்று பிறகு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். ஆனாலும் நாற்பது பேருக்கு முன்னால் அந்தச் சோதனையை மறுபடி செய்ய மனம் வரவில்லை.

அடுத்தது, கொழுப்பு நீக்கி, பாயிண்ட் எனப்படும் தடித்த பகுதியையும் அகற்றி, ஃபிளாட்டை மட்டும் கடைக்காரரே வெட்டித் தருவது. பார்க்க அழகாக இருக்கும், கழிவும் இராது. பவுண்டு 8 டாலர் 98 சென்ட். வேகும்போது நாற்பது விழுக்காடு எடை ஆவியாகவும் உருகிய கொழுப்பாகவும் போய்விடுவதால், தட்டுக்கு வரும் ஒரு பவுண்டு 15 டாலர் ஆகிறது. இத்தனைக்கும் அது பிரிஸ்கெட்டின் உலர்ந்த பாதி.

“ஏழையின் பிரிஸ்கெட்” என்று இங்கே பெயர்பெற்ற சக் ரோஸ்ட், அதாவது கழுத்தை ஒட்டிய தோள்கறி, பலரும் பரிந்துரைக்கும் மாற்று. சில ஆண்டுகளுக்கு முன்வரை அந்தப் பெயர் பொருந்தியது. 2025 ஜூனில் நாட்டின் சராசரிக் கொத்துக்கறி விலை பவுண்டு 6 டாலரைத் தாண்டியதாக அரசின் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்டது. கொத்துக்கறிக்கான கிராக்கி, அரைப்பதற்கு உகந்த தோள்கறியையும் மேலே இழுத்துக்கொண்டு போய்விட்டது. நான் வாங்கும் கடையில் அப்போது அது பவுண்டு 8 டாலர் 48 சென்ட். முழுப் பிரிஸ்கெட்டைவிட மூன்று டாலர் கூடுதல்! பழைய அறிவுரையைக் கேட்டு விலைச்சீட்டைப் பார்க்காமல் வாங்குகிறவருக்கு இந்த ஓர் இடத்தில்தான் பெரிய அடி விழும்.

பன்றித் தோள்கறி அப்போதும் பவுண்டு இரண்டு டாலரைச் சுற்றியே நின்றது. பணத்தை மட்டும் பார்த்தால் அதற்கு மிஞ்சியது இல்லை. ஆனால் எங்கள் கூட்டத்தில் பன்றிக்கறி தொடாத குடும்பங்கள் மூன்று, மாட்டுக்கறி தொடாதவர்கள் ஆறு பேர். டெக்சஸ்காரர்களின் சிக்கன வழிகளில் பாதி எங்களுக்குப் பயன்படாமல் போவது இப்படித்தான். எல்லாரும் தொடுவது கோழி ஒன்றே.

உணவகங்களுக்கு மொத்தமாக விற்கும் கடையில் ஐந்தாறு பிரிஸ்கெட் அடங்கிய முழுப் பெட்டி வாங்கினால் பவுண்டுக்குச் சில்லறை குறையும். எழுபது பவுண்டைத் தாங்கும் உறைபெட்டி யார் வீட்டிலும் இல்லாததால் அதை விட்டுவிட்டோம். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து பிரித்துக்கொண்டால் நல்ல வழிதான். காற்றுப்போகாமல் உறையிட்ட பிரிஸ்கெட், பொதித்த நாளிலிருந்து சில வாரங்கள் குளிர்பெட்டியிலேயே நன்றாக இருக்கும், மென்மையும் கூடும். ஆகவே மே மாதக் கடைசியில் வரும் நினைவு நாள் விடுமுறை போன்ற சமயங்களில் கடைகள் வாடிக்கையாளரை இழுக்க விலையைக் குறைத்து விற்கும்போது வாங்கி உறையவைப்பதும் பொருந்தும். அந்த ஆண்டு மே மாதம் நான் ஊரில் இல்லை.

எடைத்தட்டின் முன்

ஆக, முடிவு இதுதான்: மூன்றுக்குப் பதில் இரண்டு முழுப் பிரிஸ்கெட், சாய்ஸ் தரம், குறையை ஈடுசெய்யக் கோழிக்கால் 18 பவுண்டு, வெட்டியெறியும் துண்டுகள் எவையும் குப்பைக்குப் போகக் கூடாது. இதில் புதுமை ஒன்றுமில்லை. லாக்ஹார்ட்டின் பழைய கசாப்புக்கடைக்காரர் செய்ததையே நூறாண்டு கழித்துச் செய்யப்போகிறோம், அவ்வளவுதான்.

கடையில் அரை மணி நேரம் பிடித்தது. மந்தை குறைந்துவிட்டதை ஈடுகட்ட மாடுகளைக் கொட்டிலில் நீண்ட நாள் நிறுத்திக் கொழுக்கவைப்பதால், இப்போது பதினேழு பதினெட்டுப் பவுண்டுப் பிரிஸ்கெட்டுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. பெரிதாக இருந்தால் கறி மிகும் என்று நினைப்பது தவறு; அந்தக் கூடுதல் எடையில் பெரும்பங்கு மேலே படிந்த கட்டிக் கொழுப்பு. அதற்கும் பவுண்டு 5 டாலர் 48 சென்ட்தான். உறையோடு தூக்கி நடுவில் கையைக் கொடுத்துப் பார்த்தால், நல்ல கறி இருபுறமும் துவண்டு தொங்கும். பலகைபோல் விறைத்து நிற்பதில் கட்டிக் கொழுப்பு அதிகம். ஃபிளாட்டின் நுனி குறைந்தது ஓர் அங்குலத் தடிப்பாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த நுனி காய்ந்து கரியாகிவிடும் என்பதையும் பார்த்து, 14.2 பவுண்டில் ஒன்றும் 13.4 பவுண்டில் ஒன்றும் எடுத்தேன். 27.6 பவுண்டுக்கு 151 டாலர் 25 சென்ட்.

வீட்டில் குளிர் மாறாத நிலையிலேயே கொழுப்பைச் சீவத் தொடங்கினேன். இளகிவிட்டால் கத்தி வழுக்கும். மேல்கொழுப்பைக் கால் அங்குலம் விட்டு மீதியைச் சீவினேன். பாயிண்டுக்கும் ஃபிளாட்டுக்கும் இடையே, பக்கவாட்டில், எலுமிச்சம்பழ அளவில் மெழுகுபோல் கெட்டியான ஒரு கொழுப்புக் கட்டி இருக்கும். எவ்வளவு நேரம் வெந்தாலும் அது உருகாது, ஆகவே ஆழம்வரை தோண்டி எடுக்க வேண்டும். ஓரங்களில் பழுப்பேறிய மெல்லிய கறியையும் வளைவாக வெட்டினேன். புகையில் கருகப்போகும் துண்டைப் புகையில் வைப்பதால் யாருக்கும் இலாபமில்லை, பச்சையாக வெட்டினால் அரைக்கவாவது ஆகும் என்பதுதான் அந்த ஆண்டின் மாற்றம். முன்பெல்லாம் அழகுக்காக அந்த ஓரங்களை விட்டுவைப்பேன். இரண்டிலிருந்தும் வெட்டியவற்றை எடைத்தட்டில் வைத்தபோது 5.9 பவுண்டு. முப்பது டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய அந்தக் குவியலைத்தான் பல வீடுகளில் குப்பைப்பையில் கட்டிவிடுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் கட்டியிருக்கிறேன்.

அதில் சிவந்த கறி 1.7 பவுண்டு தேறியது. அதோடு மெல்லிய கொழுப்பு 0.8 பவுண்டு சேர்த்து அரைத்தால் இரண்டரைப் பவுண்டுக் கொத்துக்கறி. கடை விலையில் பதினாறு டாலர் பெறும். ஊர் வழக்கப்படி சாசேஜ் அடைக்கப் பன்றிக்குடல் வேண்டும், அது எங்களுக்குச் சரிவராது. என் மனைவியின் யோசனைப்படி பொட்டுக்கடலை மாவு, சோம்பு, கசகசா, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்துப் பிசைந்து கோலா உருண்டையாக உருட்டினோம். மாவு சேர்ந்ததால் அறுபதுக்கு மேல் வந்தது. கட்டிக் கொழுப்பில் அழுக்கோரத்தைக் கழித்துவிட்டு மூன்று பவுண்டைச் சிறு தீயில் உருக்கி வடிகட்டியதில், ஆறியபின் வெண்ணெய்போல் உறைந்த இரண்டு பவுண்டுக் கொழுப்பு கிடைத்தது. கோலாவைப் பொரித்தது அதில்தான்.

இரவும் மறுநாளும்

சமையலைப் பற்றி விரிக்கத் தேவையில்லை. விலையோடு தொடர்புடையதை மட்டும் சொல்கிறேன். ஞாயிறு இரவு ஒன்பதரை மணிக்கு, உப்பும் மிளகும் மட்டும் தடவிய இரண்டையும் போஸ்ட் ஓக் என்ற கருவாலி மர விறகின் புகையில் 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஏற்றினேன். உட்சூடு 160ஐத் தொட்டதும் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். கறியின் மேற்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதே காரணம், நம் மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான். எடை போவதில் கணிசமான பங்கு அந்த நேரத்தில் போகிறது. முன்பு மேற்பட்டை கருத்து முறுக வேண்டுமென்று 175 வரை காத்திருப்பேன். இம்முறை 165இலேயே உருக்கிய கொழுப்பு தடவிய காகிதத்தில் சுற்றிவிட்டேன். மறுநாள் காலை பத்தரைக்கு 203 டிகிரியில் இறக்கி, 150க்குக் குறையாத சூட்டில் அடுப்புக்குள்ளேயே மூன்று மணி நேரம் ஓயவைத்தேன். சூட்டோடு அறுத்தால் சாறு பலகையில் ஓடிவிடும். பவுண்டு பதினொரு டாலர் பெறும் கறியின் சாற்றைப் பலகைக்குக் கொடுக்க யாருக்கு மனம் வரும்?

அறுப்பதற்கு முன் எடை போட்டேன். முதலாவது 6.9 பவுண்டு, இரண்டாவது 6.6. அடுப்பில் ஏறிய 21.7 பவுண்டு 13.5ஆகச் சுருங்கியிருந்தது, வாங்கிய 27.6இல் பாதிகூட இல்லை. 151 டாலரை 13.5ஆல் வகுத்தால் தட்டுக்கு வரும் பவுண்டு 11 டாலர் 20 சென்ட். கொத்துக்கறியாக மீட்ட பதினாறு டாலரைக் கழித்தால் ஏறத்தாழ 10 டாலர். ஆஸ்டின் பகுதியின் பெயர்பெற்ற கடைகளில் வெந்த பிரிஸ்கெட் பவுண்டு 30 டாலரைத் தாண்டிவிட்டதைக் கண்டு மலைப்பவர்கள், பச்சைக்கறி பாதியாகும் இந்தக் கணக்கோடு, இரவு முழுக்க நெருப்புக் காப்பவரின் கூலியையும் வாடகையையும் விறகையும் சேர்த்துப் பார்த்தால் நியாயம் புரியும். பிரிஸ்கெட்டில் அவர்களுக்கு மிஞ்சுவது சொற்பம். பீன்ஸும் உருளைக்கிழங்கும் குளிர்பானமும்தான் கடையை நடத்துகின்றன.

பரிமாறியதில் செய்த மாற்றம் சிறியது, பலன் பெரியது. முன்பு அறுத்து மேசையில் அடுக்கிவிடுவோம், அவரவர் எடுத்துக்கொள்வார்கள். இம்முறை முதலில் கோலாவும் கோழியும் போயின. பசி சற்று அடங்கியபின் நானே பலகையருகே நின்று கேட்டுக் கேட்டு அறுத்துக் கொடுத்தேன். பெரியவர்களுக்கு ஆறு அவுன்ஸ், பிள்ளைகளுக்கு மூன்று அவுன்ஸ் என்பது மனக்கணக்கு. “அண்ணே, எனக்குக் கொழுப்போட அந்த ஓரத்துண்டு ரெண்டு வைங்க, மெலிஞ்சது வேணாம்” என்று ஒரு தம்பி தட்டை நீட்ட, அவனுக்குப் பின்னால் நின்ற அவன் அம்மா, “எனக்கு அந்த மெலிஞ்சதே போதும் தம்பி” என்றார். மேசையில் அடுக்கிவைத்த ஆண்டுகளில் எல்லாரும் பாயிண்டைத் தேடி எடுத்துவிட, ஃபிளாட் காற்றில் காய்ந்து மூன்று நான்கு பவுண்டு மீந்துபோகும். குறிப்பேட்டில் 2019இலும் 2023இலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. 2025இன் விலையில் அது நாற்பது டாலரை ஒட்டி வரும். இம்முறை மீந்தது முக்கால் பவுண்டு.

கணக்கு முடிந்தபின்

இரண்டு பிரிஸ்கெட்டுக்கு 151 டாலர் 25 சென்ட், கோழிக்கு 24 டாலர் 12 சென்ட், ஆக 175 டாலர் 37 சென்ட். பழைய முறைப்படி மூன்று வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் தொகையைவிட 55 டாலர் குறைவு. 2019இல் கொடுத்ததைவிட 50 டாலர் கூடுதல். விலையேற்றத்தில் பாதியைத்தான் சமாளித்தோம், மீதியைக் கொடுத்துத்தான் தீர்த்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. என் மனைவியும் இன்னொரு பெண்மணியும் ஒரு மாலை முழுவதும் உருண்டை உருட்டிய உழைப்பு இந்தக் கணக்கில் இல்லை. அதை அவர்களே எனக்கு நினைவூட்டினார்கள். ஆண்கள் விறகடுப்பைச் சுற்றி நாற்காலி போட்டு இரவெல்லாம் பேசிக்கொண்டிருப்பதை உழைப்பு என்று எழுதிக்கொள்வதும், அடுக்களை உழைப்பை எழுதாமல் விடுவதும் இந்தக் கலையின் பழைய குறை. அடுத்த முறை உருட்டுவதில் ஆண்களுக்கும் முறை வைப்பதென்று முடிவாகியிருக்கிறது.

தவறுகளும் உண்டு. கோழியைப் பிரிஸ்கெட் அடுப்பிலேயே கடைசி இரண்டு மணி நேரம் வைத்ததால் கதவை அடிக்கடி திறக்க நேர்ந்து சூடு இறங்கியது. விறகு கூடுதலாகச் செலவாயிற்று. இரண்டாவது பிரிஸ்கெட்டின் மேல்கொழுப்பை ஓரிடத்தில் கறி தெரியும்வரை சீவிவிட்டேன், அந்த இடம் மட்டும் கெட்டிப்பட்டது. மிச்சம் பிடிக்கும் ஆவலில் கத்தி சற்று ஆழமாக இறங்கியதன் விளைவு.

விலை எப்போது இறங்கும் என்று அன்று பலர் கேட்டார்கள். 2025 வசந்தத்தில் பிறந்த ஒரு கிடாரியை அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் விற்காமல் நிறுத்தினால், 2026 கோடையில்தான் சினைக்கு விட முடியும். சினைக்காலம் ஏறத்தாழ 283 நாள். 2027 வசந்தத்தில் கன்று. அந்தக் கன்று வளர்ந்து, கொட்டிலில் கொழுத்து, கறியாக வருவதற்குள் 2028 முடியும் தறுவாயில் இருக்கும். 2025 நவம்பரில் டைசன் நிறுவனம், நெப்ராஸ்காவின் லெக்சிங்டனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைசெய்துவந்த இறைச்சி ஆலையை அடுத்த ஜனவரியில் மூடப்போவதாகவும், டெக்சசின் அமரில்லோ ஆலையை ஒற்றை ஷிஃப்டுக்குக் குறைப்பதாகவும் அறிவித்தது. வெட்டுவதற்கு மாடு போதாத நிலை சீக்கிரம் மாறும் என்று அவர்கள் எண்ணியிருந்தால் ஆலையை மூடியிருக்க மாட்டார்கள்.

குறிப்பேட்டில் 2026க்கான பக்கத்தைத் திறந்து இப்போதே எழுதிவைத்துவிட்டேன்: பிரிஸ்கெட் இரண்டு, பதினான்கு பவுண்டுக்கு மேல் வேண்டாம், மே மாதத் தள்ளுபடியில் வாங்கி உறையவைக்க வேண்டும். கோழிக்கால் இருபது பவுண்டு, தனி அடுப்பில். பொட்டுக்கடலை ஒரு கிலோ.